ஊசி போட்ட மறுநாள் ஊற்றும் தண்ணீர்

கண்ணு,

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. ஒரு வரி மேலே ஏறினால் அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. இத்தனை வருஷம் கவாத்துக் கத்தி பிடித்த கை, பேனாவையும் கிளையை வெட்டுவது போலவே அழுத்துகிறது. இரண்டு இடத்தில் காகிதம் கிழிந்துவிட்டது. அதற்காக வேறு யாரையாவது எழுதச் சொல்ல மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்துச் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்ட எழுத்து இது. இப்போதெல்லாம் நாகலூர் பஸ் வந்தால் முன்னால் இருக்கிற போர்டை உரக்கப் படிக்காமல் நான் ஏறுவதில்லை. டிரைவர் போன வாரம் கேட்டே விட்டார். "ஏனுங்க தாத்தா, இந்த பஸ்ஸு எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" அவருக்கு எப்போதோ தெரியும், எனக்கு இப்போதுதானே தெரிந்தது! எழுபதை நெருங்கி வந்த இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் கடைப் பலகை, தீப்பெட்டி, உப்புப் பாக்கெட் என்று எல்லாவற்றையும் படித்துக்கொண்டு திரிகிறேன்.

உன் அம்மா நலமாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன். இதற்குக் கீழே எழுதப்போவதைப் படிக்கும்போது உனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொண்டால் மறுபடி இந்த இடத்துக்கு வந்து படித்துக்கொள். அவள் இப்போது வாசலில் மிளகாய் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். "அவன்கிட்ட என்னத்த அவ்வளவு எழுதறீங்க?" என்று கேட்கிறாள். போனில் சொல்லக்கூடாதா என்று நீயும் கேட்பாய். பெரியப்பாவின் பேச்சை எடுத்தாலே "சரிப்பா, வேலை இருக்கு" என்று நீ போனை வைத்துவிடுகிறாய். தீபாவளிக்குக்கூட ஓசூரிலிருந்து சேலம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, துணியையும் இனிப்பையும் எங்கள் கையில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறாய். மலை ஏறுவதில்லை. ஏன் ஏறுவதில்லை என்று நானும் கேட்பதில்லை. கொரோனா வந்த சமயம் உன் பெரியப்பாவைக் கையைப் பிடித்து ஊசிக்குக் கூட்டிப்போனவன் நீ. அடுத்த வாரம் அவர் போய்விட்டார். பிணத்துக்கு முன்னால் நின்று உன் பெரியம்மா உன்னைப் பார்த்து, "என் தாலிய அறுத்தவன் இவன்தான்" என்று மண்ணை வாரித் தூற்றினார். அந்த மண் இன்னும் உன் தலையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அன்றிலிருந்து நம் ஊரில் வயசானவர்கள் யாரும் எந்த ஊசிக்கும் கை நீட்டியதில்லை. நர்சம்மா வந்தால் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். போன வருஷம் அம்மாவுக்குச் சளி நுரையீரலில் இறங்கி சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அப்போதே டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அடுத்த மழைக்கு முன்னால் சளிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் ஊசி போட்டுவிட வேண்டும், இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்கமாட்டார்கள் என்றார். ஐப்பசி பிறந்து பனிமூட்டம் இறங்கியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இருமல் சத்தம் கேட்டாலே சாப்பாடு இறங்காது. ஊசி முகாம் வந்தபோது நானும் அவளும் மட்டும் போனோம். நாங்கள் போவதை ஊரே பார்த்தது. பெரியம்மா தன் வாசலில் நின்று, "போங்க போங்க, ஒருத்தரைக் குடுத்தது பத்தல போல" என்றார். அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஆனால் என் கையை அவள் பிடித்த பிடி எனக்கல்லவா தெரியும்.

ஊசி போட்டு வந்த மறுநாள் காலையில் அவளுக்கு உடம்பு கொதித்தது. எனக்கும் கை கடுத்தது, ஆனாலும் நடமாடினேன். நர்சம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள், "ஒண்ணு ரெண்டு நாளு காய்ச்சல் வருமுங்க, பயப்படாதீங்க" என்று. பயப்படாமல் இருக்க ஊர் விடவேண்டுமே. பெரியம்மா யாரிடமோ சொல்லி அடிவாரத்திலிருந்து காலை பஸ்ஸில் வேப்பிலை வரவழைத்துவிட்டார். நம் மலைக்குளிருக்கு வேம்பு ஏது? கீழேயிருந்து ஏறி வந்த கொத்தை நம் வீட்டு நிலையில் செருகினார். அம்மாவைப் பாயில் படுக்கவைத்து, வெள்ளைத்துணி போர்த்தி, தலைமாட்டில் மஞ்சள் தண்ணீர் வைத்தார். உப்பில்லாத கூழ் கரைத்தார். இத்தனை கோபத்திலும் வந்து பார்க்கிறாரே என்று எனக்கு அழுகையாக வந்தது.

இந்த வழக்கம் உனக்கும் தெரியும். ஆனால் நீ வேலை செய்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டினாலும் காட்டுவாய் என்பதால் விளக்கி எழுதுகிறேன். எங்கள் வயசுக்காரர்களுக்கு ஊசி என்றாலே சின்ன வயசில் கையில் குத்திய அம்மைக் குத்துதான். அந்தத் தழும்பு இன்னும் எங்கள் கையில் காசு அகலத்துக்கு இருக்கிறது. குத்தியதும் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் மாரியம்மா உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். படுத்தவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பும் வரைக்கும் வீட்டில் தாளிக்கக்கூடாது, உப்பு கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது, மருந்து மாத்திரை தொடக்கூடாது. அதனால்தான் பெரியம்மா, அம்மாவின் பிரஷர் மாத்திரை இருந்த டப்பாவை எடுத்து மேலே பரணில் வைத்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோயிலுக்குள் போகிறவன் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அது. யாரும் சொல்லிச் செய்வதில்லை, ஏன் என்று கேட்பதும் இல்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் காய்ச்சல் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் அம்மா தலையைத் தூக்க முடியவில்லை என்றாள். பின்மண்டை பிளக்கிறது, கண்ணுக்கு முன்னால் எல்லாம் ஆடுகிறது என்றாள். வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். "அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று யாரோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. கண்ணு, அந்த நேரம் எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. இவளும் போய்விட்டால் ஊர் ஊசியைப் பழிக்கும். அதோடு உன்னைத்தான் பழிக்கும். நீ இனி இந்த மலையைத் திரும்பியே பார்க்கமாட்டாய். ஒரே நாளில் இரண்டு பேரை இழக்கப்போகிறேனோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நர்சம்மாவின் ஜீப் வந்தது. மஞ்சக்குட்டைப் பக்கத்துப் பெண்தான், அதனால் நிலையில் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிக்கொண்டு, "உள்ள வரலாமுங்களா பெரியம்மா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டதால்தான் உன் பெரியம்மா, என் அண்ணி, வழிவிட்டார். நர்சம்மா அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். மறுபடியும் சுற்றிப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா அம்மா?"

உன் அம்மா பரணைப் பார்த்தாள். அண்ணிதான் சொன்னார். "அம்மா உடம்புல இருக்கறப்ப எவளாவது மாத்திரை போடுவாளா? நாந்தான் எடுத்து மேல வெச்சேன். எங்க ஊட்டுக்காரருக்கும் நான் சுத்தமாத்தான் பாத்தேன். சக்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாத்தையும் கட்டித் தூக்கி வெச்சுட்டேன். பச்சைத் தண்ணி, உப்பில்லாக் கூழு, அவ்வளவுதான். ஒரு குறை வெக்கல. அப்படியும் அந்த ஊசி கொண்டுக்கிட்டுப் போயிருச்சு."

கண்ணு, இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

நர்சம்மா வாயைத் திறந்தாள். நான் தலையை ஆட்டி, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அண்ணிக்குப் புரியவில்லை, குறை வைக்காமல் பார்த்த மனைவியின் முகம் அப்படியே இருந்தது. நர்சம்மா போனுக்கு டவர் கிடைக்கிற ரோட்டு வளைவுக்கு ஓடிப்போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். உடனே மாத்திரையைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் பார், இறங்காவிட்டால் ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா என்று சொன்னாராம். நான் பரணிலிருந்து டப்பாவை எடுத்தேன். உன் அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. அம்மா கோவிச்சுக்குவா. பேரன் பேத்தி எடுக்கற ஊடு, அவ கோவம் அதுங்க மேல எறங்கிரக்கூடாது. எனக்கு ஆவறது ஆவட்டும்."

நர்சம்மா எவ்வளவோ சொன்னாள். ஜீப் டிரைவர் பனி இறங்குது என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பெண்கள் இங்கே என்ன நடக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஏனோ என் அம்மா, உன் அப்பத்தாளின் ஞாபகம் வந்தது. எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எங்களுக்கு அம்மை குத்திய அன்று ராத்திரி காய்ச்சல் வந்தது. விடிந்ததும் அவள் வெந்நீர் போட்டு, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு எங்கள் எல்லோருக்கும் ஊற்றிவிட்டாள். ஏன் என்றால், காலையில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைய கூலி கிடையாது. காப்பிக் காய் பறிக்கும் காலத்தில் வாரக்கணக்கில் யார் பாயில் படுக்க முடியும்?

நான் அண்ணியிடம் கேட்டேன். "அண்ணி, நாம எஸ்டேட்டுல இருக்கறப்ப அம்மை குத்துனா எப்பத் தண்ணி ஊத்துவாங்க?"

"அதெதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

அண்ணி யோசித்தார். அவரும் அதே லயத்துப் பெண்தான். "மறுநாளே ஊத்துவாங்க. பேர் கூப்புடுவாங்கல்ல."

"அப்ப மாரியம்மா கோவிச்சுக்கிட்டாளா?"

"தானா வந்தவ வேற. குத்தி வரவெச்சவ வேற. அவளை மறுநாளே அனுப்பிச்சுரலாம்னு எங்கம்மா சொல்லுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். ஒருதரம் என்னைப் பார்த்தார். ஒருதரம் என் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அடுப்பை மூட்டுங்க" என்றார்.

தலைக்கு மூன்று சொம்பு ஊற்றியே ஆகவேண்டும் என்றார் அண்ணி. இந்த நிலைமையில் தலைக்கு வேண்டாம், துணியை நனைத்துத் துடைத்தால் போதும் என்றாள் நர்சம்மா. "துடைச்சா அது தண்ணி ஊத்துனதா? எந்த ஊரு ஞாயம் இது?" என்றார் அண்ணி. "சரிங்க, ஒரு சொம்பு, தோளுக்கு, நல்ல சூடா" என்றாள் நர்சம்மா. "என்ன நர்சம்மா, சந்தையில கத்திரிக்காய் வாங்கற மாதிரி பேசறே?" என்றார் அண்ணி. பாயில் கிடந்த உன் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அண்ணி ஒரு சொம்பு தோளில் ஊற்றினார், உச்சியில் இரண்டு விரலால் தெளித்தார். எங்கள் மலைச்சாமி சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். நிலையில் இருந்த வேப்பிலையை அவர் கையாலேயே எடுத்து வெளியே போட்டார். பிறகு மாத்திரையை என் கையிலிருந்து வாங்கி, உன் அம்மாவின் வாயில் அவரே போட்டார். "முழுங்குடி. அம்மா போயிட்டா" என்றார்.

பனி மூடி ஜீப் கண்ணுக்குத் தெரியவில்லை. நர்சம்மா போகவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பட்டையைச் சுற்றினாள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் அவள் முகத்தைத்தான் பார்த்தோம். பொழுது சாயும் நேரத்தில் அவள் மூச்சு விட்டது எங்களுக்குக் கேட்டது. "இறங்குதுங்க" என்றாள். அம்மா உப்புப் போட்ட கஞ்சி கேட்டாள். ஜீப் வரை போய் நான் நர்சம்மாவிடம் கேட்டேன், என் அண்ணன் அதனால்தான் போனாரா என்று. "இத்தனை வருஷம் கழிச்சு நான் எப்படிங்க சொல்றது? ஆனா சக்கரையும் பிரஷரும் இருக்கறவரு, சாப்பாடும் இல்லாம மாத்திரையும் இல்லாம அத்தனை நாளு கிடந்தா அது நொம்ப ஆபத்துங்க. அன்னிக்கு எங்ககிட்ட யாரும் மாத்திரையை நிறுத்தினதைச் சொல்லலியே" என்றாள். யார் சொல்வார்கள்? சொல்லவேண்டிய விஷயம் என்றே எங்களுக்குத் தெரியாதே. உன்னையும், வெளியே போய்வருகிறவன் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகுதான் எனக்குப் பெரிய கஷ்டம் வந்தது. அண்ணியிடம் இதைச் சொல்வதா, வேண்டாமா? சொல்லாவிட்டால் பழி உன்மேல் நிற்கும், ஊரும் ஊசிக்குப் பயந்தே சாகும். சொன்னால், புருஷனைக் குறை வைக்காமல் பார்த்தேன் என்ற ஒரு நினைப்பில் உயிரோடு இருக்கிறவரை நான் என் வாயால் கொன்றதாகிவிடும். அவர் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் அவரே வந்தார். நான் நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்தார்.

"கொழுந்தனாரே, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நான் மாத்திரையத் தூக்கி வெச்சதாலதான் உங்கண்ணன் போனாரா?"

ஊசியால் என்று சொல்லவும் எனக்கு நா வரவில்லை, உங்களால் என்று சொல்லவும் வரவில்லை. "அது நர்சம்மாவுக்கே தெரியல அண்ணி. நமக்கு யாருக்கும் தெரியாது. நானும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனா பையன் மேல தப்பு இல்ல. அது மட்டும் தெரியுது" என்றேன்.

அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. தரையில் இருந்த ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவனுக்கு எழுதுங்க" என்றார். "நாலு பேரு படிச்சாலும் படிக்கட்டும். எம் பேரை மட்டும் போட்டுறாதீங்க." அதனால்தான் இதில் யார் பேரையும் நான் போடவில்லை.

மறுநாளிலிருந்து அவர் வீடு வீடாகப் போகிறார். நர்சம்மா சொன்னால் ஓடி ஒளிகிறவர்கள் இவர் சொன்னால் நிற்கிறார்கள். "ஊசி போட்டா மறுநாளே தண்ணி ஊத்திருங்க. மாத்திரைய எவளாச்சும் எடுத்து ஒளிச்சு வெச்சீங்க, நான் வந்து பரண்ல ஏறிப் பாப்பேன், ஆமா" என்கிறார். அந்தத் திட்டுக்குப் பயந்து பலபேர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். வயிற்றில் என்ன அடக்கிக்கொண்டு இதைச் சொல்கிறார் என்று எனக்குத்தான் தெரியும். நீயும் ஒன்று செய். உன் மாமனார் மாமியாரை ஊசிக்குக் கூட்டிப்போனால் போட்டாச்சு என்று அதோடு விட்டுவிடாதே. மறுநாள் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கேள். நிறுத்தியிருந்தால் சத்தம் போடாதே. அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ, அதற்கு முதலில் ஒரு வழி பண்ணு.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி முகாம் வருகிறது. நேற்று நான் அண்ணியிடம், "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்க போட்டுக்குவீங்களா?" என்று கேட்டேன். அவருக்கும் மூச்சிரைப்பு வந்துவிட்டது. இந்தக் குளிரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னார். "அவங்க பெரியப்பனைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனான்ல? என்னையும் அவன் வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும். வேற யாரு கூப்புட்டாலும் நான் வரமாட்டேன்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நானே கூட்டிப்போகிறேன் என்றேன், கேட்கவில்லை. நீ மனசு வைப்பாயா என்று எனக்குத் தெரியாது. அந்த மண்ணைத் தட்டிவிட்டு வா என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. வியாழக்கிழமை அவர் குளித்து, வெளுத்த சேலை கட்டி வாசலில் உட்கார்ந்திருப்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அன்று அவர் எழுந்து நடந்தாரா, உட்கார்ந்தே இருந்தாரா என்பதை அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

உன் அப்பா